மொழி தெரியாத நோயாளிக்கு அன்பு செய்வது எப்படி? வேலூர் சபைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

"நமக்கு இந்தியும் தெரியாது, பெங்காலியும் தெரியாது. அவங்ககிட்ட போய் என்ன பேசறது?"

வெளியூர் நோயாளிகளைப் பற்றிச் சபையில் பேச்செடுத்தால் முதலில் எழும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனை வாசலிலும் காந்தி ரோட்டிலும் தோட்டப்பாளையத்துச் சந்துகளிலும் நாம் தினமும் கடந்துபோகிற முகங்களில் பல மேற்கு வங்கத்திலிருந்து வந்தவை. ஜார்க்கண்ட், பீகார், ஒடிசா, அசாம், திரிபுரா, மிசோரம், எல்லைக்கு அப்பால் வங்கதேசம் என்று இன்னும் பல ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். அத்தனை மொழிகளையும் யாரால் கற்றுக்கொள்ள முடியும்?

கற்றுக்கொள்ளத் தேவையில்லை என்பதே என் பதில். இந்த ஊரில் அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. அது தமிழ். ஆட்டோ வாடகை, லாட்ஜ் அட்வான்ஸ், மருந்துக்கடைக் கணக்கு, பஸ் எங்கே நிற்கும் என்ற தகவல், எல்லாமே இங்கே தமிழில்தான் நடக்கிறது. அவர்களிடம் பேச நமக்கு வார்த்தை கிடைக்காமல் போகலாம். அவர்களுக்காகப் பேச நம்மிடம் எல்லா வார்த்தைகளும் இருக்கின்றன.

லூக்கா 10-ஆம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். நல்ல சமாரியன் அடிபட்டுக் கிடந்தவனிடம் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட அங்கே இல்லை. எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டுகிறான், தன் வாகனத்தில் ஏற்றுகிறான், சத்திரத்துக்குக் கொண்டுபோய்ப் பராமரிக்கிறான். அவன் வாய் திறப்பது மறுநாள், அதுவும் சத்திரக்காரனிடம். இரண்டு பணத்தைக் கொடுத்து, இவனைப் பார்த்துக்கொள், அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். அடிபட்டவனுக்கு அவன் கைகள் கிடைத்தன. அவன் பேச்சு, அடிபட்டவனுக்காகச் சத்திரக்காரனிடம் போனது. வேலூரில் நாம் செய்ய வேண்டிய வேலையின் வடிவம் அப்படியே இதில் இருக்கிறது. இனி அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: யார் வருகிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வருகிற பெரும்பாலோர் காட்பாடி ஜங்ஷனில் இறங்குகிறார்கள். இரண்டு இரவு ரயிலில் உட்கார்ந்தும் படுத்தும் வந்த உடம்பு, கூடவே நோயாளி, மூட்டை, முடிச்சு, பழைய ரிப்போர்ட்டுகள் அடங்கிய பிளாஸ்டிக் பை. அங்கிருந்து மருத்துவமனைக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர்.

வந்த அன்றே டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்து வருகிறவர்களும் உண்டு. நடப்பது வேறு. முதல் பார்வை, பரிசோதனைகள், முடிவுகளுக்குக் காத்திருத்தல், வேறு துறைக்குப் போதல், அறுவை சிகிச்சைக்குத் தேதி என்று வாரக்கணக்கில் நீளும். அதனால்தான் மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் சமையல் செய்துகொள்ள வசதியுள்ள அறைகள் இருக்கின்றன, கடைகளில் வங்க எழுத்துப் பலகைகள் தொங்குகின்றன. நோயாளியோடு பெரும்பாலும் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் வரிசையில் நிற்பார், ஒருவர் சமைப்பார். சமைக்கிறவர் பெண்ணாக இருந்தால், நான்கு சுவருக்குள் பகல் முழுவதும் பேச ஆளில்லாமல் தனியே இருக்கிறவரும் அவரே. நம் கண்ணில் படாதவரும் அவரே.

இவர்களில் பள்ளி ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கடைக்காரர்கள், விவசாயிகள், அரசு ஊழியர்கள் இருக்கிறார்கள். நிலத்தை விற்றோ அடகு வைத்தோ வந்தவர்களும் உண்டு. யாரையும் பார்த்தவுடன் ஏழை என்று முடிவு கட்டி கையில் பணம் திணிக்க வேண்டாம். ஊரில் நாலு பேர் மதித்து வணக்கம் சொல்கிற மனிதர் இங்கே வழி கேட்கத் தடுமாறி நிற்கிறார், அவ்வளவுதான்.

எல்லோரும் பெங்காலி பேசுகிறவர்கள் என்றும் எண்ணிவிடாதீர்கள். ஜார்க்கண்டிலிருந்து வரும் ஒரு பாட்டிக்குச் சந்தாலி மட்டும் தெரிந்திருக்கலாம். ஒரு அட்டையில் பெங்காலி, இந்தி, ஒடியா, அசாமி, சந்தாலி, மிசோ, நேபாளி ஆகிய மொழிகளின் பெயரை அந்தந்த எழுத்திலேயே அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். அட்டையை நீட்டினால் விரல் வைத்துக் காட்டுவார்கள். எழுத்துத் தெரியாதவர் என்றால் கூட வந்தவர் காட்டுவார்.

படி 2: தனியாகப் போகாதீர்கள், சொல்லாமல் போகாதீர்கள்

இரண்டிரண்டு பேராகப் போங்கள். பெண்கள் தங்கியிருக்கும் அறைக்குப் பெண்கள் மட்டும் போகட்டும். பெண்கள் ஐக்கியத்தில் இருக்கும் நம் அம்மாமார்களுக்கு இந்த வேலை இயல்பாக வரும். வாலிபர்கள் ஸ்டேஷன், வரிசை, இரத்தம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளட்டும். யார் எந்தக் குடும்பத்தைப் பார்க்கிறார்கள் என்பது ஆயருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவமனை வார்டுக்குள் சொந்த விருப்பத்துக்குப் போய் நிற்கக் கூடாது. அங்கே சாப்ளெயின் (மருத்துவமனைப் போதகர்) பிரிவு இருக்கிறது, சமூக சேவகர்கள் இருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் போய், "எங்க சபையில இத்தனை பேர் தயாரா இருக்கோம், எங்க தேவையோ சொல்லுங்க" என்று சொல்லி வையுங்கள். உண்மையில் தேவை எங்கே அதிகம் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

படி 3: சத்திரக்காரர்களிடம் பேசுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஆரம்பிக்கலாம். காட்பாடியில் இறங்கியவுடன் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, "டாக்டர் தெரியும், லாட்ஜ் தெரியும், அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தர்றேன்" என்று வருகிற தரகர்கள் உண்டு. மொழி தெரியாதவர் அவர்கள் பின்னால் போய்விடுவார். ஆனால் அதே ஸ்டாண்டில் நேர்மையான ஓட்டுநர்களும் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு மூன்று பேரைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். "அண்ணே, இவங்க எங்க விருந்தாளிங்க. நியாயமா கேளுங்க, லாட்ஜ் வாசல் வரைக்கும் விட்டுட்டு எனக்கு ஒரு போன் போடுங்க." இந்த இரண்டு வாக்கியம் போதும். விருந்தாளி என்று சொன்ன பிறகு வாடகையும் குறையும், மரியாதையும் கூடும். நடக்கக்கூடியவர்களுக்குக் காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ்ஸைக் காட்டிக் கொடுங்கள். மருத்துவமனை நிறுத்தத்தில் இறக்கிவிடச் சொல்லி கண்டக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அடுத்தது லாட்ஜ். அட்வான்ஸ் எவ்வளவு, திரும்பக் கிடைக்குமா, தினவாடகையா வாரவாடகையா, சமையல் கேஸுக்குத் தனியா, வெந்நீர் எத்தனை மணிக்கு, குடிதண்ணீர் கேன் என்ன விலை, நோயாளிக்குத் தரைத்தள அறை உண்டா, கழிப்பறை மேல்நாட்டு வகையா. இத்தனையும் முதல் நாளே தமிழில் கேட்டு, பதிலை எண்களோடு ஒரு தாளில் எழுதி, மேனேஜர் முன்னாலேயே குடும்பத்தின் கையில் கொடுங்கள். எண்கள் யாருக்கும் புரியும். ரசீது கேட்டு வாங்கிக் கொடுங்கள். சண்டைக்குப் போகிற தொனி வேண்டாம். அந்த மேனேஜர் பிறகு மாதக்கணக்கில் உங்களுக்கு உதவப்போகிறவர். "நடுராத்திரி ஏதாவதுன்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க சார்" என்று உங்கள் எண்ணை அவர் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு வாருங்கள்.

வங்கதேசத்திலிருந்து வந்தவர்கள் சட்டப்படி வெளிநாட்டினர். அவர்களைத் தங்க வைக்கிற லாட்ஜ் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். இரக்கப்பட்டு நம் வீட்டில் தங்க வைத்தாலும் அதே கடமை நமக்கும் உண்டு. தெரியாமல் செய்தால் பாதிப்பு அவர்கள் விசாவுக்கு. ஆகவே வெளிநாட்டு விருந்தாளியைப் பதிவு செய்யும் லாட்ஜிலேயே தங்க வையுங்கள், சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழையுங்கள்.

மளிகைக்கடை, காய்கறிக்கடை, பால்காரர் ஆகியோரிடமும் ஒருமுறை கூடப் போய் அறிமுகம் செய்து வையுங்கள். நேதாஜி மார்க்கெட்டுக்கு ஒருநாள் காலையில் அழைத்துப்போனால், அதன் பிறகு அந்த அம்மா தானே போய் வாங்கிவிடுவார். லாட்ஜ் பக்கத்துக் கடைக்கும் மார்க்கெட்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்குப் பெரிய தொகை.

படி 4: முகம், கை, காகிதம்

இப்போது அவர்களிடம் பேசும் பகுதி. மொழி புரியாதவரிடம் நாம் நம்மை அறியாமல் குரலை உயர்த்துகிறோம். அவர் காது நன்றாகக் கேட்கிறது. மெதுவாக, வழக்கமான குரலில், சின்னச் சின்னச் சொற்களாகத் தமிழிலேயே பேசுங்கள். பேசாமல் சைகை மட்டும் காட்டினால் பொம்மலாட்டம் மாதிரி ஆகிவிடும். குரலில் இருக்கும் கனிவு போய்ச் சேர வேண்டுமானால் குரல் வேண்டும்.

காட்ட முடிந்ததைக் காட்டுங்கள். வெந்நீர் வேண்டுமா என்று கேட்க பிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டினால் போதும். நேரம் சொல்லக் கடிகாரம் வரையுங்கள். இடம் சொல்ல வழியை வரையுங்கள், அல்லது கூடவே நடந்து ஒருமுறை காட்டுங்கள். கூட நடப்பதுதான் எப்போதும் மேல்.

தலையசைப்பை நம்பாதீர்கள். புரியாவிட்டாலும் மரியாதைக்காகத் தலையாட்டுவது அவர்கள் வழக்கம் மட்டுமல்ல, நம் வழக்கமும்தான். முக்கியமான விஷயம் என்றால் அவர்களைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

ஒரு சில சொற்கள் தெரிந்திருந்தால் முகம் மலரும். பெங்காலியில் நலம் விசாரிக்க "கேமொன் ஆச்சேன்?", சாப்பிட்டீர்களா என்று கேட்க "கேயேச்சேன்?", வலிக்கு "பேத்தா", மருந்துக்கு "ஓஷுத்", உட்காருங்கள் என்பதற்கு "போஷுன்". தண்ணீரை மேற்கு வங்கத்து இந்துக் குடும்பங்கள் "ஜோல்" என்பார்கள், முஸ்லிம் குடும்பங்களும் வங்கதேசத்தவரும் "பானி" என்பார்கள். அண்ணனைப் போல "தாதா", அக்காவைப் போல "திதி". முஸ்லிம் வீட்டில் "பாய்", "ஆபா". இவ்வளவு போதும்.

கைபேசி மொழிபெயர்ப்புச் செயலிகள் உதவும், அளவோடு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு சின்ன வாக்கியம். பேச்சுத் தமிழைச் செயலி தடுமாறித்தான் புரிந்துகொள்ளும், ஆகவே எழுத்துத் தமிழில் தட்டுங்கள். வந்த பெங்காலியைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பார்த்துவிட்டுக் காட்டுங்கள். "நாளை காலை 7 மணிக்கு வருகிறேன்" போன்றவற்றுக்கு இது போதும். நோயின் பெயர், அறுவை சிகிச்சையின் ஆபத்து, கையெழுத்துப் போடும் படிவம் ஆகியவற்றுக்கு ஒருபோதும் வேண்டாம். அந்த இடத்தில் மருத்துவமனையில் அவர்கள் மொழி தெரிந்த ஊழியரைக் கேட்டுப் பெறுவதே நம் வேலை. "சிஸ்டர், இவங்களுக்குப் புரியல, பெங்காலி தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்று தமிழில் கேட்க ஒரு ஆள் இருப்பதே அவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

படி 5: மாத்திரைப் பட்டை

மருந்துச் சீட்டை விளக்குவது மருந்தாளுநரின் பொறுப்பு. அவர் தமிழில் சொல்வதை நோயாளி வீட்டுக்குக் கொண்டுபோகும்படி செய்வது நம்மால் முடியும். ஒவ்வொரு மாத்திரைப் பட்டையையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, உறையின் மேல் எழும் சூரியன், உச்சிச் சூரியன், பிறை நிலா என்று வரையுங்கள். சாப்பாட்டுக்கு முன் என்றால் காலித் தட்டு, பின் என்றால் சோறு நிறைந்த தட்டு. எத்தனை மாத்திரையோ அத்தனை வட்டம். பாதி மாத்திரைக்கு அரை வட்டம். வரைந்ததை மருந்தாளுநரிடமே காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறகு நோயாளியிடம் உறைகளைக் கொடுத்து, ராத்திரி மாத்திரையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். சரியாக எடுத்தால்தான் வேலை முடிந்தது.

இதைத் தாண்டி மருத்துவ ஆலோசனை எதுவும் நாம் சொல்லக் கூடாது. "எங்க மாமாவுக்கும் இதே நோய்தான், அவரு இதைக் குடிச்சாரு" என்ற அன்பு ஆபத்தானது.

படி 6: சாப்பாடு

நமக்கு அன்பு என்றாலே சாப்பாடுதான். அதனால் பிரியாணி டப்பாவோடு கிளம்பிவிடுகிறோம். கொஞ்சம் நிதானியுங்கள். சிறுநீரக நோயாளிக்கு உப்பு அளந்து போட வேண்டும், சில பழங்கள்கூட ஆகாது. மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தவருக்கும் கீமோதெரபியில் இருப்பவருக்கும் வெளிச்சாப்பாடு கிருமியைக் கொண்டுவந்துவிடலாம். முஸ்லிம் குடும்பம் ஹலால் பார்க்கும், ரமலானில் நோன்பிருக்கும். வயதான இந்து விதவைகள் சிலர் மீனையும் இறைச்சியையும் தொட மாட்டார்கள். நோயாளிக்கு எதுவும் கொடுப்பதற்கு முன் கூட வந்தவரிடம் காட்டிக் கேளுங்கள்.

சமைத்த உணவைவிட, சமைக்க உதவுவது பெரும்பாலும் மேலானது. கடுகெண்ணெய் எந்தக் கடையில் கிடைக்கும், மீன் எந்த நாளில் நன்றாக இருக்கும் என்று காட்டுங்கள். குக்கர், தோசைக்கல், அரிவாள்மணை, இன்னொரு போர்வை, கொசுவலை என்று ஒரு பெட்டியைச் சபையில் தயாராக வைத்துக்கொண்டு குடும்பத்துக்குக் குடும்பம் கடனாகக் கொடுக்கலாம். ஊர் திரும்பும்போது அதை விளக்கிப் பளபளவென்று திருப்பித் தருவார்கள். அவர்கள் ஏதாவது சமைத்துக் கொடுத்தால் கட்டாயம் வாங்கி, அவர்கள் எதிரிலேயே சாப்பிடுங்கள். வாங்கிக்கொண்டே இருக்கிறவராக ஒரு மனிதரை வைத்திருப்பது அவருக்கு வலி. அவர் அறையில் உட்கார்ந்து அவர் சோற்றைச் சாப்பிடும்போது நீங்கள் விருந்தாளி ஆகிவிடுகிறீர்கள், அவர் வீட்டுக்காரர் ஆகிவிடுகிறார். நான் பார்த்தவரையில் நட்பு அங்கேதான் தொடங்குகிறது.

மே மாத வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். குடையும் மோரும் அப்போது சின்ன விஷயங்களல்ல.

படி 7: இரத்தம்

மொழியே தேவைப்படாத ஊழியம் ஒன்று உண்டென்றால் இதுதான். அறுவை சிகிச்சைக்கு முன் இரத்தம் கொடுக்க உறவினர்களைக் கேட்கும்போது, உள்ளூர்க்காரர் பத்துப் பேரைக் கூப்பிட்டுவிடுவார். கூட வந்த ஒரே மகனும் இரத்தசோகைக்காரனாக இருந்தால் மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத்திலிருந்து வந்தவர் எங்கே போவார்?

18 முதல் 65 வயதுக்குள், 45 கிலோவுக்குக் குறையாத எடை, ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையாமல் இருந்தால் கொடுக்கலாம். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை. வாலிபர்களின் பெயர், இரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள். எல்லோரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை முகாமில் கொடுத்துவிட்டால் மறுவாரம் அவசரத்துக்கு ஆளிருக்காது, அதனால் பாதிப்பேரை இருப்பில் வையுங்கள்.

இரத்தத்துக்குப் பணம் வாங்குவது இந்த நாட்டில் சட்டவிரோதம். அவர்கள் நன்றியோடு நோட்டை நீட்டுவார்கள். கைகூப்பி மறுத்துவிடுங்கள். டீ வாங்கிக் கொடுத்தால் குடியுங்கள்.

படி 8: கூட இருப்பது

பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். ஒன்பது வயதில் இங்கிலாந்துக்குப் போய், அறுவை சிகிச்சை நிபுணராக 1946-இல் வேலூருக்கு வந்தார். இடைவெளியில் அவருடைய தமிழ் தேய்ந்துபோயிருந்தது. தொழுநோயால் பாதிக்கப்பட்ட ஓர் இளைஞனின் தோளில் கை போட்டுத் தட்டுத்தடுமாறிய தமிழில் சிகிச்சையை விளக்கிக்கொண்டிருந்தார். அவன் தேம்பித் தேம்பி அழுதான். தவறாக ஏதும் சொல்லிவிட்டேனோ என்று உடனிருந்தவரிடம் கேட்டார். நீங்கள் கை போட்டதால் அழுகிறான், இங்கே வரும்வரை பல ஆண்டுகளாக அவனை யாரும் தொடவில்லை என்று பதில் வந்தது. பிராண்ட் பின்னாளில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். நம் ஊரில் நடந்தது இது.

ஆகவே ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருக்கும் தகப்பனின் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒன்றும் பேச வேண்டாம். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் கையைப் பிடித்துக்கொள்ளலாம். எதிர்ப்பாலினரைத் தொடாதீர்கள், நம் எண்ணம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும். அவர் கழிப்பறைக்குப் போகும்போது பையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாக வந்தவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று தனியாக வந்தவருக்குத்தான் தெரியும்.

நோயாளியின் கூட வந்த பிள்ளைகளை மறக்க வேண்டாம். பள்ளிக்கூடமும் இல்லாமல் நண்பர்களும் இல்லாமல் லாட்ஜ் வராந்தாவில் சுற்றுகிற பிள்ளைகள் அவர்கள். பெற்றோர் சம்மதத்தோடு ஒரு பந்தும் இரண்டு அண்ணன்மாரும் போதும். ஒரு மாதத்தில் அந்தப் பிள்ளைகள் தமிழ் பேசத் தொடங்கிவிடுவார்கள், அதன் பிறகு குடும்பத்துக்கே மொழிபெயர்ப்பாளர்கள் அவர்கள்தான்.

படி 9: ஜெபமும் சாட்சியும்

இதில் என் நிலைப்பாட்டை ஒளிக்காமல் சொல்கிறேன். படுக்கையில் இருப்பவர் எழுந்து போக முடியாதவர். அவர் கையில் துண்டுப்பிரதியைத் திணிப்பதும், உதவிக்குப் பதிலாகக் கூட்டத்துக்கு வரச் சொல்வதும் அன்பல்ல. செய்த உதவியெல்லாம் அந்த நொடியில் தூண்டில் புழுவாகிவிடும். "வசனத்தினாலும் நாவினாலுமல்ல, கிரியையினாலும் உண்மையினாலும் அன்புகூரக்கடவோம்" என்று யோவான் எழுதியதில், உண்மையினாலும் என்ற சொல்லை நாம் விட்டுவிடக் கூடாது.

ஜெபிக்க விரும்பினால், கைகளைக் கூப்பி அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். இந்துக்களும் முஸ்லிம்களும்கூடப் பல நேரம் சம்மதிப்பார்கள். வேண்டாம் என்றால் சிரித்த முகத்தோடு விட்டுவிடுங்கள், மறுநாள் அதே சிரிப்போடு வெந்நீர் கொண்டுபோங்கள். சம்மதித்தால் தமிழில், சுருக்கமாக, தாழ்ந்த குரலில் ஜெபியுங்கள். நம் ஜெபத்தைக் கேட்கிறவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். நீங்கள் யார், ஏன் வருகிறீர்கள் என்று அவர்களாகக் கேட்டால் மறைக்காமல் இயேசுவின் பெயரைச் சொல்லுங்கள்.

மிசோரம், நாகாலாந்து, சந்தால் பகுதிகளிலிருந்து வருகிறவர்களில் கிறிஸ்தவர்கள் பலர். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஆராதனை கிடைக்காதது ஒரு தனி ஏக்கம். வேதத்தின் அதிகார எண்ணும் வசன எண்ணும் அவர்கள் மொழியிலும் பெரும்பாலும் ஒன்றுதான். சங்கீதம் 121 என்று எண்ணைக் காட்டுங்கள். அவர் தன் கைபேசியில் தன் மொழியில் எடுப்பார், நீங்கள் தமிழில் எடுப்பீர்கள். ஒரு வசனம் அவர், ஒரு வசனம் நீங்கள் என்று வாசித்து முடியுங்கள். திருவிருந்து நாளில் சபைக்கு அழைத்து வந்து பக்கத்தில் உட்கார வையுங்கள்.

படி 10: மரணம் வந்தால்

எல்லோரும் குணமாகித் திரும்புவதில்லை. அந்நிய ஊரில் ஒரு சாவு என்பது துக்கத்தோடு அலைச்சலும் சேர்ந்தது, அந்த அலைச்சல் முழுவதும் தமிழில். இங்கே நாம் தேவைப்படுகிற அளவுக்கு வேறெங்கும் தேவைப்பட மாட்டோம்.

குடும்பம் என்ன விரும்புகிறது என்பதை முதலில் அவர்கள் மொழி தெரிந்தவர் மூலம் தெளிவாகக் கேளுங்கள். உடலை ஊருக்குக் கொண்டுபோவதா, இங்கேயே அடக்கமா. கொண்டுபோவதென்றால் உடலைப் பதப்படுத்த வேண்டும். விமானத்தில் என்றால் அதற்கான சான்றிதழும் காவல்துறையின் தடையில்லாச் சான்றும் கேட்பார்கள், வெளிநாட்டவர் என்றால் தூதரக அனுமதியும் வேண்டும். சாலை வழி என்றால் கொல்கத்தாவுக்கு 1,700 கிலோமீட்டருக்கு மேல். ஆம்புலன்ஸ் வாடகையைப் பேசும் இடத்தில் ஒரு தமிழர் நின்றாலே தொகை மாறும். ஓட்டுநர் எத்தனை பேர், நடுவழியில் கூடுதல் பணம் கேட்பாரா என்பதையும் பேசி எழுதி வாங்குங்கள்.

இங்கேயே அடக்கம் செய்வதென்றால், முஸ்லிம் குடும்பத்துக்கு அருகிலுள்ள பள்ளிவாசல் ஜமாஅத்தை உடனே அணுகுங்கள். குளிப்பாட்டுவது முதல் கபன் துணி சுற்றுவது வரை அவர்கள் பொறுப்பேற்பார்கள். இந்துக் குடும்பத்துக்கு அவர்கள் முறைப்படி தகனத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். நம் முறைகளை அங்கே நுழைக்க வேண்டாம். ஓரமாக நின்று, தண்ணீர் கொடுத்து, கடைசிவரை இருங்கள்.

மறக்கக் கூடாத ஒன்று, இறப்புச் சான்றிதழ். 21 நாளுக்குள் பதிவாக வேண்டும். மருத்துவமனையில் நேர்ந்த மரணத்தை மருத்துவமனையே உள்ளாட்சிக்குத் தெரிவிக்கும். அப்படிப் போகும் படிவத்தில் இறந்தவர் பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், நிரந்தர முகவரி ஆகியவை ஆதார் அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கிறதா என்று குடும்பத்தாரையே பார்க்க வையுங்கள். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த மேற்கு வங்கத்து மால்டாவிலிருந்து ஒரு விதவை மறுபடி வேலூர் வரும்படி ஆகிவிடக் கூடாது.

படி 11: ஊர் திரும்பும் நாள்

பெரும்பாலான குடும்பங்களுக்கு நல்ல நாளாகவே இது வரும். ரிவ்யூ (மறுபரிசோதனை) தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் தேடிப் பெரிய எண்களில் எழுதி, கைபேசியில் அலாரமும் வைத்துக் கொடுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, அந்தத் தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. புற்றுநோய், தலசீமியா, இதய அறுவை சிகிச்சை, சிறுநீரக மாற்று, டயாலிசிஸ் போன்றவற்றுக்காகப் பயணம் செய்கிறவர்களுக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் ரயில்வே கட்டணச் சலுகை தருகிறது. மருத்துவமனையில் உரிய படிவத்தில் சான்று வாங்கி, முன்பதிவு கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். படிவம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து, டாக்டர் கையெழுத்து வாங்கும்வரை கூட நின்று, காட்பாடி கவுன்ட்டருக்கு நீங்களே அழைத்துப்போங்கள். கவுன்ட்டரில் பேச்சு தமிழில்தான்.